கைச்சங்கு சுற்றிய புதன்கிழமை

அப்பாவுக்கு எந்தக் கிழமை லீவோ அந்தக் கிழமைதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தோம். ஓசூருக்கு வெளியே கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்த எண்பதுகள் அவை. ஒரு கம்பெனியின் பின்சுவரை ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் எங்களுடையது ஏழாவது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா முதலில் தனியாக வந்து வேலையில் சேர்ந்து, பிறகு அம்மாவையும் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டில் தஞ்சாவூர்க்காரர்கள், எதிர்வீட்டில் சேலத்துக்காரர்கள். எல்லா வீட்டு அப்பாக்களுக்கும் ஒரே கம்பெனி. எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கடிகாரம், அந்தக் கம்பெனியின் சங்கு.

ஆறு மணிக்கு முதல் ஷிப்டுக்கு ஊதும். எட்டரைக்கு ஜெனரல் ஷிப்டுக்கு ஊதும். எட்டரைச் சங்கு கேட்டதும் லைன் பிள்ளைகள் எல்லாரும் தட்டைப் போட்டுவிட்டுப் பையைத் தூக்குவோம். சங்கு ஊதவில்லையா, அன்றைக்கு லீவு. அப்பா வீட்டில் இருப்பார், கறி எடுப்பார்கள், அம்மா எல்லார் தலையிலும் எண்ணெயை வழிய வழிய வைத்து வெயிலில் உட்கார வைப்பாள். இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா வேலைக்குப் போயிருப்பார், அவர் திரும்பி வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம். அதனால் வாரத்தில் அந்த ஒரு நாளை எந்த வீட்டிலும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு ஓசூர் போக வேண்டும். காலை வைக்க இடம் இல்லாத பஸ், இறங்கியதும் லாரிகள் ஓயாமல் பறக்கிற பெங்களூர் ரோடு, அதைத் தாண்டினால்தான் பள்ளிக்கூடம். அப்பா ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

“பொட்டப்பிள்ள ஒத்தையில பஸ்ல போயி அந்த ரோட்ட எப்பிடித் தாண்டும்? பயந்துரும். அஞ்சு போதும். வீட்டுல இருந்து தம்பியப் பாத்துக்கிடட்டும்.”

நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் இரண்டாம் ஷிப்டில் இருந்ததால் நான் பேசாமல் இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. அதில் எனக்கு இன்னும் கோபம்.

அந்தக் கோபத்தோடு நான் திரிந்துகொண்டிருந்தபோதுதான் பெரிய டீச்சர் அந்தச் சேதியைச் சொன்னார். பெரிய டீச்சர் என்றால் எங்கள் தலைமை ஆசிரியை. ஐந்தாம் வகுப்புக்கும் அவர்தான். தர்மபுரிக்காரர், உரத்த குரல், சிரித்தால் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும். நம் பள்ளிக்கூடத்துக்கு ஆறாம் வகுப்பு வேண்டும் என்று மேலே எழுதிப் போட்டிருந்தாராம். அதைப் பார்த்து முடிவு சொல்லக் கல்வி அதிகாரி வருகிறாராம்.

“வர்ற பொதங்கெழம வராரு. அஞ்சாவதுல இருவது பேராவது அவரு கண்ணு முன்னாடி இருக்கணும். கொறஞ்சுதுன்னா வந்த வழியே போயிருவாரு, ஆமா. ஒருத்தர்கூட லீவு போடக் கூடாது.”

ஆறாம் வகுப்பு இங்கேயே வந்துவிட்டால் பஸ்ஸும் வேண்டாம், ரோடும் வேண்டாம், அப்பா சொல்வதற்கு ஒரு காரணமும் மிஞ்சாது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்றைக்கு மணி அடிக்கிற முறை என்னுடையது. சாயங்கால மணியை நான் அடித்த அடியில் வாட்ச்மேன் பாயின் மகள் காதைப் பொத்திக்கொண்டு, “போதும்டி, பள்ளிக்கூடம் வுட்டு எல்லாரும் போயாச்சு!” என்று கத்தினாள். அவள் என் உயிர்த்தோழி. அவளுடைய அத்தா எங்கள் கம்பெனி கேட்டில்தான் வாட்ச்மேன். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த குடும்பம். அவளுக்கும் என் கதைதான், ஐந்தோடு நிறுத்தப் போகிறார்கள்.

அதிகாரிக்குக் காட்டுவதற்கு டீச்சர் ஒரு பாடம் தயார் செய்தார். அடேயப்பா, அந்த மாதிரி ஒரு பாடத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை! மைதானம் முழுக்கச் சுண்ணாம்புப் பொடியால் எங்கள் தர்மபுரி மாவட்டத்தை வரைந்தார். ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஊர். படத்தில் அந்த ஊர் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்று, தன் ஊரைப் பற்றித் தானே சொல்ல வேண்டும். நான்கு பேர் டீச்சரின் நீலச் சேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு தென்பெண்ணை ஆறாக நின்றார்கள். கர்நாடக எல்லையில் நிற்பவன் சேலையை உதறினால் அலை கிளம்பி ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் என்று ஓடும்.

எந்த ஊர் யாருக்கு என்பதில் நடந்த சண்டை கொஞ்சமா? ஓசூர் எனக்குத்தான் வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து அழுது வாங்கினேன். என் தோழி கிருஷ்ணகிரியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேப்பனப்பள்ளி ஆனவன் வீட்டில் தெலுங்கு பேசுகிற ஊர்ப்பையன். “நானு வேப்பனப்பள்ளி. ஒரு பக்கம் ஆந்திரா, ஒரு பக்கம் கர்நாடகா. எங்கிட்ட மாங்கா கீது” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். பாரூர் ஆனவள் எங்கள் எதிர்வீட்டுச் சேலத்துப் பெண். “எங்க ஏரித் தண்ணியில நெல்லு வெளையும், கரும்பு வெளையும்” என்று இடுப்பில் கை வைத்துச் சொல்வாள். சாமல்பட்டி தஞ்சாவூர் வீட்டுப் பையன். அது ரயில் நிற்கிற ஊர். அவன் ஒன்றும் சொல்ல வேண்டாம், ரயில் வருகிற மாதிரி கூவிவிட்டு நின்றால் போதும். அவன் கூவுவதைப் பார்க்கவே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாழ்வாரத்துக்கு ஓடி வந்துவிடுவார்கள்.

இரண்டு மூன்று நாளிலேயே நாங்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். “ஏ பாரூரு, தண்ணி பாட்டில குடு.” “தளி இன்னைக்கு வரல டீச்சர், அவனுக்குக் காய்ச்சல்.” வீட்டில்கூட அம்மாவிடம், “ஓசூருக்கு இன்னொரு தோசை” என்றேன். அம்மா கரண்டியை ஓங்கினாள்.

அந்த வாரம்தான் பவர் கட் வந்தது. கம்பெனிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் கரண்டே கிடையாது, எந்தக் கம்பெனிக்கு எந்த நாள் என்று மேலிருந்தே சொல்லிவிட்டார்கள். எங்கள் கம்பெனிக்கு விழுந்தது புதன்கிழமை. கரண்டு இல்லாத நாளில் ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் புதன் லீவு, ஞாயிறு வேலை என்று நோட்டீஸ் போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குச் சங்கு ஊதியது. நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். சத்தியமாகப் போனோம்! லைன் பிள்ளைகள் அத்தனை பேரும். பூட்டியிருந்தது. தாழ்வாரத்தில் ஒரு கன்றுக்குட்டி படுத்திருந்தது. டீச்சர் பஸ் லேட் போலிருக்கிறது என்று நானே மணி அடித்தேன், நானே வரிசையில் நிற்க வைத்துக் கடவுள் வாழ்த்தும் பாட வைத்தேன். முக்கால் மணி நேரம் மாவட்டப் படத்துக்கு ஒத்திகையும் பார்த்தோம். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஊர்க்காரர் ஒருவர் நின்று, “ஏம் புள்ளைங்களா, ஞாயித்துக்கெழம என்னா பண்றீங்க?” என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. திங்கட்கிழமை இதைக் கேட்டு டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“அப்ப பொதங்கெழம உங்களுக்கெல்லாம் லீவு மாதிரி இருக்குமே? ஐயையோ, அன்னைக்குத்தானே அவரு வராரு! வீட்ல சொல்லிட்டு வந்துருங்க, கண்ணுங்களா.”

சொன்னோம். வீட்டில் பிள்ளைகள் சொல்வதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

புதன்கிழமை சங்கு ஊதவில்லை. நான் விடியும்போதே எழுந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் தலையில் ஒரு கை எண்ணெயை அப்பினாள். இன்னொரு கை அப்புவதற்குள் நான் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டேன். ஒரு பக்கம் எண்ணெய் வழிய, மறுபக்கம் பறட்டையாக, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன்.

ஒன்பதரைக்கு மணி அடித்தாயிற்று. லைனில் இல்லாத ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேர், நான், என் தோழி. அவ்வளவுதான். இருபத்து நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேர். சுண்ணாம்புக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. வேப்பனப்பள்ளி ஒரு மூலையில் தனியாக நின்றான். பாரூர் இல்லை, காவேரிப்பட்டணம் இல்லை, சாமல்பட்டி இல்லை. தென்பெண்ணைக்கு ஓர் ஆள்தான் இருந்தான், சேலையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான். அதிகாரி வரும் ஓசூர் பஸ் பத்தரைக்கு.

 அவ்வளவு பெரிய குரல்காரரான டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், நாங்க போயி எல்லாரையும் இட்டாரோம்” என்றாள் என் தோழி. அவர் சரி என்பதற்கு முன்பே நாங்கள் ஓடிவிட்டோம்.

லைனில் அன்றைக்குத் திருவிழாதான். வாசலெல்லாம் எண்ணெய் வாசமும் கறி வாசமும். ஆண்கள் லுங்கியோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாரூர் வீட்டில் தட்டினேன். அவளுடைய அம்மா எட்டிப் பார்த்து, “இன்னிக்கு லீவு இல்ல? எண்ணெ தேச்சு வெளையாட வுட்டுட்டேன், எங்க போனாளோ” என்றாள். அடுத்த வீட்டில் பையன் மாந்தோப்புக்குப் போயிருந்தான். அதற்கடுத்த வீட்டில் பிள்ளைகள் மூன்று பேரும் ஏரிக்கரையில். ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடக்கிறவர்களை எப்படிப் பொறுக்கி எடுப்பது? என் அப்பா சீட்டு வட்டத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, எண்ணெய அரகொறையா வச்சிக்கிட்டு எங்க ஓடுத? வீட்டுக்குப் போ” என்றார். நான் காதில் வாங்காத மாதிரி ஓடினேன். கோபத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் தலையெழுத்தை முடிவு பண்ணிவிட்டு இவர் இங்கே சீட்டு ஆடுகிறார்!

“சங்கு ஊதுனா எல்லாம் வந்துருங்க” என்றாள் என் தோழி, மூச்சு வாங்க.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்புறம் கம்பெனி கேட்டை நோக்கிப் பறந்தோம்.

கேட்டில் பாய் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் ஓடி வந்த வேகத்தில் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“அத்தா, சங்கு ஊதுங்க! சீக்கிரம்!”

“கரண்டே இல்லியேம்மா, எதுல ஊதறது? ஆமா, என்ன ஆச்சு?”

விஷயத்தைக் கொட்டினோம். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடித்து, கை ஆட்டி, மூக்கை உறிஞ்சி, எப்படியோ சொல்லி முடித்தோம். அப்போதுதான் அவர் ஷெட்டுக்குப் பக்கத்தில் இருந்த அதை நான் பார்த்தேன். இரும்புக் கால்கள் மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்த ஓர் உருளை, ஒரு பக்கம் அகன்ற வாய், மறுபக்கம் சுற்றுவதற்கு நீளமாக ஒரு கைப்பிடி.

“அது என்ன பாய்?”

“அடி யம்மா, அது கைச்சங்கு. தீ புடிச்சாத்தான் அதத் தொடணும். அதச் சுத்துனா இந்தச் சுத்துவட்டாரமே ஓடி வரும்.”

“ஓடி வரணும்னுதானே பாய் கேக்கோம்!”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தலையை ஆட்டிவிட்டார். என் தோழி அவர் கையைப் பிடித்தாள். “எனக்கும் அஞ்சோட நிறுத்தத்தானே போறீங்க அத்தா” என்றாள். அழவில்லை, சும்மா சொன்னாள்.  பாய் ஷெட்டுக்குள் போய் எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு வந்தார்.

“லீவு நாள்ல எண்ணெ போட்டு நாலு சுத்து சுத்திப் பாக்கணும்னு ஆர்டர் இருக்குது. மத்தியானம் பாக்கலாம்னு இருந்தேன். இப்பவே பாத்துடறேன். நாலே சுத்து. கேக்கறவங்களுக்குக் கேக்கட்டும்.”

நாலு சுற்று சுற்றினார். சங்கு தொண்டையைக் கனைத்த மாதிரி ‘ஊம்ம்’ என்றது. சுவரில் உட்கார்ந்திருந்த காக்காகூட எழும்பவில்லை. பாய் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, “அவ்ளோதாம்மா, என்னால ஆனது” என்றார்.

நான் கைப்பிடியைப் பிடித்தேன். என்னோடு அவளும் பிடித்தாள். கைப்பிடி மேலே போகும்போது நாங்கள் நுனிக்காலில் எம்பினோம், கீழே வரும்போது மொத்த எடையையும் போட்டுத் தொங்கினோம். முதல் இரண்டு சுற்றுக் கல்லாக இருந்தது. பிறகு அதுவாகவே இழுக்க ஆரம்பித்தது. ‘ஊம்ம்’ என்பது ‘ஊஊ’ ஆயிற்று, ‘ஊஊ’ ஏறி ஏறிக் காதைப் பிளக்க ஆரம்பித்தது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! இவ்வளவு பெரிய சத்தம் என் கையிலிருந்து கிளம்புகிறதா? பாய் பின்னால் நின்று, “போதும் வுடுங்கடி! வுடுங்க!” என்று கத்திக்கொண்டே இருந்தார். காதில் விழுந்தது. விடவில்லை. அவர் என் தோளைப் பிடித்து இழுத்தபோதுதான் விட்டேன். விட்ட பிறகும் அது தன் பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருந்தது.

வந்தார்கள். லைன் வீடுகள் அத்தனையும் வந்தன! லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆண்கள். ஒருவர் முகத்தில் பாதி சோப்பு நுரை. ஒருவர் கையில் வாளி, ஒருவர் கையில் சீட்டுக்கட்டு. சீட்டை ஏன் எடுத்துக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரியாது. பின்னால் பெண்கள், கரண்டியோடும் கைப்பிள்ளையோடும். ஏரிக்கரையிலிருந்தும் மாந்தோப்பிலிருந்தும் எண்ணெய்த் தலைகள் பளபளக்கப் பிள்ளைகள். எல்லாருக்கும் முன்னால் என் அப்பா. எங்கிருந்தோ ஒரு கோணிச்சாக்கைத் தண்ணீரில் நனைத்துச் சொட்டச் சொட்டத் தோளில் போட்டிருந்தார், தீயை அணைக்க.

“எங்கட்டி தீ?”

“தீ இல்லப்பா. பள்ளிக்கூடம்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார், கைச்சங்கைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பாய் கையை விரித்தார். விளங்கியதும் அப்பாவின் கண் சிவந்தது. சாக்கை வீசிவிட்டு என்னைப் பிடிக்க வந்தார். நான் நிற்பேனா? ஓடிக்கொண்டே கத்தினேன்.

“பாரூரு வா! காவேரிப்பட்டணம் வா! தளி, பர்கூரு, ஊத்தங்கர, எல்லாம் ஓடி வாங்க! அதிகாரி வந்துட்டாரு!”

என் தோழி மறுபக்கம் நின்று கோழி விரட்டுகிற மாதிரி விரட்டினாள். பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிட்டது. பாதி மாவட்டம் எண்ணெய் வழிய என் பின்னால் ஓடி வந்தது. பாதி மாவட்டத்தின் பின்னால் அவர்களைப் பெற்றவர்கள். அத்தனை பேருக்கும் முன்னால் என்னை அடிப்பதற்கு என் அப்பா.

மைதானத்தில் அதிகாரி வந்து நின்றிருந்தார். ஒல்லியாக, குடையும் ஒரு ஃபைலுமாக. சங்குச் சத்தம் கேட்டு அவர் டீச்சரிடம் என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம். நாங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடி, அவரவர் ஊரில் போய் நின்றோம். மூச்சு வாங்குகிறது, காது வழியாக எண்ணெய் இறங்குகிறது, இரண்டு பையன்கள் வெறும் டிரவுசரோடு.  டீச்சருடைய பழைய குரல் வந்தது.

“ஆறு! எங்க ஆறு? சேலையப் பிரிங்கடா!”

தென்பெண்ணை விரிந்தது. அதிகாரி விரலை நீட்டி எண்ணினார். இருபத்து மூன்று. சாமல்பட்டி மட்டும் அன்று காலையிலேயே அவன் பெரியம்மா ஊருக்குப் பஸ் ஏறியிருந்தான். பரவாயில்லை, இருபதுக்கு மேலே மூன்று! நான் என் தோழியைப் பார்த்தேன். கிருஷ்ணகிரியில் நின்ற அவள் பல்லெல்லாம் ஓசூர் வரைக்கும் தெரிந்தது.

அதிகாரி ஊர் ஊராக வந்தார். வேப்பனப்பள்ளி மாங்காயைச் சொன்னான். “எந்த மாங்கா?” என்று அவர் கேட்டதும் பயல் தெலுங்கில் நாலைந்து ரகம் சொல்லிவிட்டான். அவர் சிரித்துவிட்டார். பாரூர் இடுப்பில் கை வைத்தாள். பிடி கிடைக்காமல் எண்ணெயில் அவள் கை வழுக்கியது, ஆனாலும் ஏரியையும் கரும்பையும் விடாமல் சொன்னாள். சாமல்பட்டி நிற்க வேண்டிய இடத்தில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தானாகவே போய் நின்று ரயில் மாதிரி கூவினாள். மைதானத்தைச் சுற்றி நின்ற அப்பாக்களும் அம்மாக்களும் கை தட்டினார்கள். தீயை அணைக்க வந்த ஞாபகமே அவர்களுக்கு இல்லை. என் அப்பா மட்டும் கை தட்டவில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அதிகாரி என்னிடம் வந்தார். ஓசூரைப் பற்றி நான் மனப்பாடம் செய்திருந்ததை எல்லாம் கடகடவென்று ஒப்பித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கேட்டார்.

“சரி, ஆறாவது எங்க படிக்கப் போற?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

“இங்க ஆறாவது வந்தாப் படிப்பேன் சார். வரலன்னா நிறுத்திருவாங்க. பஸ்ல போனா நான் பயந்துருவேனாம்.” கையை நீட்டினேன். “அந்தா நிக்காரு, எங்கப்பா.”

 எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். செத்தேன் என்று நினைத்தேன். அப்பா லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டார். கோட்டைத் தாண்டி வந்தார். தளியைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“நாந்தான் சார் சொன்னேன், பயந்துருவான்னு. நேத்து வரைக்கும் அப்பிடித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.” கையை என் பக்கம் நீட்டினார். “இன்னைக்கு ஒரு ஊரையே லுங்கியோட ஓட வச்சிட்டு நிக்கா. இவளா பஸ்ஸுக்குப் பயப்படப் போறா? நீங்க ஆறாவது குடுங்க, குடுக்காமப் போங்க. எம்மவ படிப்பா.”

நான் அங்கேயே, ஓசூரின் மேலேயே நின்று, ஓவென்று அழுதேன். அடி வாங்கத் தயாராக இருந்தவளுக்கு அது தாங்கவில்லை.

மறுநாள் பாய்க்கு மெமோ கொடுத்தார்கள். கைச்சங்கைச் சோதித்துப் பார்த்தேன், மிக நன்றாக வேலை செய்கிறது என்று பதில் எழுதிக் கொடுத்தாராம். தன் மகளை நிறுத்துகிற பேச்சை அவரும் அதோடு விட்டுவிட்டார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆறாம் வகுப்பு அந்த வருஷம் வரவில்லை. ஆள் இருக்கிறது, அறை இல்லை என்று எழுதிவிட்டார்கள். அது என் தம்பி காலத்தில்தான் வந்தது. என் தோழியை அவள் சித்தி கிருஷ்ணகிரிக்கே அழைத்துப்போய் அங்கே சேர்த்துக்கொண்டாள். நான் ஓசூர்ப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் வாரம் அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட். தினமும் காலையில் பஸ்ஸில் கூடவே வந்து, ரோட்டைத் தாண்டுவதை என்னையே செய்யச் சொல்லிவிட்டு, பஸ் நின்ற பக்கமே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவருக்கு முதல் ஷிப்ட், விடிவதற்குள் போய்விட்டார். அந்த வாரத்தின் முதல் நாள் நான் தனியாகப் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் லைன் முனையிலேயே நின்றுகொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை.

“பயந்தியாட்டி?”

பஸ்ஸில் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு போயிருந்தேன். ரோட்டில் நாலு முறை காலை வைத்து நாலு முறை பின்னால் எடுத்து, கடைசியில் ஒரு பழக்காரம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தாண்டியிருந்தேன்.

“எதுக்குப்பா பயம்?” என்றேன்.